இ-ரீடரில் பக்கம் திருப்ப: பட்டனா, தொடுதிரையா?

நூல்புழு

ஆறு அங்குலத் தொடுதிரை இ-ரீடர் (மின்நூல் படிக்கும் கருவி) ஒன்று, ஓரத்தில் இரண்டு பட்டன் உள்ள ஏழு அங்குல இ-ரீடர் ஒன்று. எதை எடுப்பது என்று குழப்பமாக இருக்கிறது. வாசிப்பது பெரும்பாலும் படுத்துக்கொண்டு, ஒரே கையில். அகராதி அடிக்கடி தேவை, கோடிடுவதும் உண்டு. பட்டனுக்காகக் கூடுதல் காசு கொடுப்பது தகுமா? நாலைந்து வருடத்தில் பட்டன் தளர்ந்துவிடும் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

திருகாணி

இரண்டும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பட்டன் வெறும் சுவிட்ச். அழுத்திய கணத்தில் தொடர்பு மூடும், செயலிக்குச் செய்தி போகும், பக்கம் திரும்பும். தொடுதிரையில் அப்படி முடியாது. விரல் பட்டதும் அது தட்டலா, ஸ்வைப்பின் தொடக்கமா, சொல்லைத் தேர்வதற்கான நீண்ட அழுத்தமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. விரல் எழும் வரை காத்திருந்துதான் முடிவெடுக்கும். அதனால்தான் தட்டும்போது விரலைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டால் பக்கம் திரும்பாமல் அகராதி திறக்கிறது. தட்டும்போது விரல் சில மில்லிமீட்டர் நகர்ந்தால் அதை ஸ்வைப் என்று எடுத்துக்கொண்டு முந்தைய பக்கத்துக்குப் போவதும் இதே காரணத்தால்தான்.

ஒரு விதிவிலக்கு. பட்டனுக்கும் நீண்ட அழுத்தச் செயல் ஒன்றைக் கொடுத்து வைத்தால் (அடுத்த அத்தியாயம், விளக்கு மாதிரி), பல மென்பொருள்களில் சாதாரண அழுத்தமும் பட்டனை விட்ட பிறகுதான் செயல்படும். 'பட்டன் மந்தமாக இருக்கிறது' என்று தோன்றினால் முதலில் அதை நீக்கிப் பாருங்கள்.

இடதுகை

வேகக் கணக்கில் பெரிய சாரம் இல்லை. இ-இங்க் திரை, அதாவது இந்தக் கருவிகளில் உள்ள காகிதம் போன்ற திரை, முழுதாகக் கருப்பு வெள்ளையாக மின்னிப் புதுப்பிக்கவே ஏறக்குறைய அரை விநாடி ஆகும். மின்னாத பகுதிப் புதுப்பிப்புக்கும் கால் விநாடியாவது வேண்டும். விரல் எழுவதற்கான காத்திருப்பு அதில் கரைந்துவிடும்.

பட்டனின் உண்மையான பலன் வேறு: கட்டைவிரலை அதன் மேலேயே வைத்திருக்கலாம். தொடுதிரையில் விரலை 'ஓய்வாக' வைக்கவே முடியாது. விளிம்பில் பிடித்து, தட்டுவதற்காக உள்ளே நகர்த்தி, மறுபடி வெளியே எடுக்க வேண்டும். ஒரு புத்தகத்துக்கு அது நானூறு ஐந்நூறு முறை. ஒரு கையில் பிடிக்கும்போது அந்த நகர்வின் போதெல்லாம் கருவியின் எடையை மற்ற நான்கு விரல்களும் உள்ளங்கையும்தான் தாங்குகின்றன. படுத்துக்கொண்டு படித்தால் இதுதான் முதலில் வலிக்கும்.

நூல்புழு, நீங்கள் 'படுத்துக்கொண்டு, ஒரே கையில்' என்று சொன்ன இடத்திலேயே கேள்விக்கு முக்கால் பதில் வந்துவிட்டது.

பழையகருவி

இந்த 'விரல் ஓய்வு' விஷயம் இருபக்கமும் வெட்டும். 2007-இல் வந்த அமேசானின் முதல் இ-ரீடரான கிண்டிலை நினைத்துப் பாருங்கள். இரு ஓரங்களிலும் நீளமான பட்டன்கள், கையில் எடுத்தாலே பக்கம் திரும்பியது. பிடிக்கவே இடம் விடவில்லை. 2009-இன் இரண்டாம் கிண்டிலில் பட்டன்களைச் சிறிதாக்கி, ஓரத்திலிருந்து உள்பக்கமாக அழுத்தினால் மட்டும் இயங்கும்படி மாற்றினார்கள். ஆக பட்டன் இருந்தால் போதாது. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் விஷயம்.

தொடுதிரையும் ஒரே நாளில் தேறவில்லை. சோனி 2009-இல் பிஆர்எஸ்-600-இல் அழுத்தத்தை உணரும் தொடுபடலத்தைத் திரையின் மேலேயே ஒட்டியது. எழுத்து மங்கியது, கண்கூச்சம் கூடியது. அடுத்த வருடமே பிஆர்எஸ்-650-இல் அகச்சிவப்பு ஒளியால் விரலை உணரும் முறைக்கு மாறியது. திரைமேல் எந்தப் படலமும் இல்லாததால் எழுத்து மறுபடி தெளிந்தது.

நடுவழியும் முயன்றார்கள். 2014-இன் கிண்டில் வாயேஜில் அசையும் பட்டனே கிடையாது. ஓரத்தில் அழுத்தத்தை உணரும் பகுதி, அழுத்தினால் சிறு அதிர்வு. 2016-இல் ஓயசிஸ் வந்தபோது மீண்டும் உண்மையான பட்டன். அந்த வரிசை 2024-இல் முடிந்தது. இன்னொரு இ-ரீடர் நிறுவனமான கோபோ பக்கம் 2018-இல் ஃபோர்மா, பிறகு லிப்ரா, சேஜ் என்று பட்டன் தொடர்கிறது.

திருகாணி

தொடுதிரை என்று பொதுவாகப் பேசுகிறோம். அகச்சிவப்பு ஒரு ரகம், கெபாசிட்டிவ் ஒரு ரகம். கோளாறுகளும் வேறு வேறு.

அகச்சிவப்பு ரகத்தில் திரை விளிம்பைவிடச் சற்றுக் குழிந்திருக்கும். அந்தக் குழியின் சுவரில் சிறு ஒளி உமிழிகளும் எதிரே உணரிகளும். விரல் ஒளிக்கற்றையை மறைத்தால் அந்த இடம் தெரிந்துவிடும். கையுறை, பென்சில், நகம் எதனாலும் தட்டலாம். ஆனால் மூலையில் ஒரு முடியோ தூசிக் கட்டியோ சிக்கினால், யாரோ விரலை வைத்தே இருப்பதாகக் கருவி நினைத்துக்கொள்ளும். பக்கங்கள் தானாக ஓடும், அல்லது தட்டுவது எதுவுமே ஏறாது. கெட்டிக் காகிதத்தின் மடிப்பு முனையைத் திரையும் விளிம்பும் சேரும் கோட்டில் நான்கு பக்கமும் ஓட்டி, மென்மையான தூரிகையால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். நேர் வெயிலிலும் உணரிகள் குழம்பலாம். நிழலுக்கு மாற்றிப் பாருங்கள்.

கெபாசிட்டிவ் ரகம் விரலின் மின் தன்மையை உணர்கிறது. முகப்பு சமதளமாக இருந்தால் பெரும்பாலும் இதுதான். எதிரி ஈரம். ஒரு நீர்த்துளி விரலாகத் தெரியும். தடித்து வறண்ட விரல்நுனி சில நேரம் தெரியவே தெரியாது. சார்ஜில் இருக்கும்போது மட்டும் தானாகத் தட்டுகிறது என்றால் சார்ஜரின் மின் இரைச்சல்தான் முதல் சந்தேகம். கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் திரையில் கோளாறு இல்லை, சார்ஜரை மாற்றினால் போதும்.

நூல்புழு

அப்படியானால் தண்ணீர் புகாத கருவியை வாங்கினால் ஈரப் பிரச்சினை தீர்ந்துவிடாதா? இரண்டிலுமே ஐபிஎக்ஸ்8 என்று போட்டிருக்கிறது.

பழையகருவி

தீராது. ஐபிஎக்ஸ்8 என்பது உள்ளே நீர் போகாது என்பதற்கான தரம். இ-ரீடர்களில் பொதுவாக 2 மீட்டர் ஆழம், 60 நிமிடம், நன்னீர் என்று குறிப்பிடுவார்கள். நனைந்த திரை ஒழுங்காக வேலை செய்யும் என்று அதில் எங்கும் இல்லை. குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் படிப்பவருக்குப் பட்டன்தான் சரி. அதிலும் தொடுதிரையை அணைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஓயசிஸில் வாசிக்கும்போதே அப்படி அணைக்கும் வசதி கொடுத்தார்கள்.

அகராதிப்பித்தன்

எல்லோரும் பட்டன் புகழ் பாடுகிறீர்கள். தொடுதிரை இல்லாத பட்டன் கருவியில் அகராதி பார்ப்பது எப்படி இருந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

2011, 2012 கிண்டில்களில் நான்கு திசையும் நடுவில் ஒரு தேர்வும் கொண்ட விசை. பக்கத்தின் பதினைந்தாம் வரியில் ஆறாவது சொல் வேண்டுமென்றால், கீழே பதினைந்து அழுத்தம், வலமாக ஐந்து. கீழே வரும் வழியில் சொற்களின் நீளத்தைப் பொறுத்துக் கர்சர் எங்கோ போய் நிற்கும், அதற்கு ஒன்றிரண்டு திருத்தம். ஒரு சொல்லுக்கு இருபது அழுத்தம். வரிக் கணக்கில் கோடிட வேண்டுமென்றால் அதற்கு மேல். தொடுதிரையில் அதே சொல்லுக்கு ஒரு நீண்ட அழுத்தம் போதும். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்வதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எனவே 'பட்டனா தொடுதிரையா' என்பது இன்றைய கேள்வியே இல்லை. தொடுதிரை இருந்தே ஆகும். கூட இரண்டு பட்டன் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

இடதுகை

இதில் முழு உடன்பாடு. திருப்ப பட்டன், தேட விரல்.

ஓரத்தில் பட்டன் உள்ள கருவி பற்றி ஒரு சேதி. ஓயசிஸ், லிப்ரா போன்றவற்றில் ஒரு பக்க விளிம்பு அகலம், பட்டன் அங்கேதான். கையை மாற்றக் கருவியை 180 டிகிரி திருப்பினால் எழுத்தும் சேர்ந்து திரும்பும். படுத்துப் படிப்பவருக்கு இந்தத் தானியங்கிச் சுழற்சியே தொல்லை. ஒருக்களித்ததும் பக்கம் குறுக்காகப் போய்விடும். சுழற்சியை ஒரே திசையில் பூட்டி வையுங்கள், கை மாற்றும்போது மட்டும் திறவுங்கள். எந்தப் பட்டன் அடுத்த பக்கம், எது முந்தைய பக்கம் என்று மாற்றவும் அமைப்புகளில் வழி உண்டு. உங்கள் கட்டைவிரல் இயல்பாக எதன்மேல் விழுகிறதோ அதை 'அடுத்தது' ஆக்குங்கள். நூற்றுக்கு ஒருமுறை போகும் முந்தைய பக்கத்துக்கு விரலை நீட்டலாம், பரவாயில்லை.

எடையையும் பாருங்கள். கோபோவில் பட்டன் உள்ள லிப்ரா 2 ஏறக்குறைய 215 கிராம், பட்டன் இல்லாத ஆறு அங்குல கிளாரா 2இ 171 கிராம். உறை போட்டால் இன்னும் ஒரு நூறு கிராம் சாதாரணமாகக் கூடும். படுக்கையில் உறையைக் கழற்றிவிட்டுப் படிப்பது நல்லது.

நூல்புழு

பட்டன் ஆயுள் பற்றி யாரும் சொல்லவில்லையே?

திருகாணி

கணக்காகவே பார்க்கலாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சிறிய உலோகக் குமிழ் சுவிட்ச். அழுத்தினால் குமிழ் கால் மில்லிமீட்டர் அளவுக்குக் குழிந்து தொடர்பை மூடும், விட்டால் எம்பும். இந்த ரக சுவிட்சுகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் அழுத்தம் வரை.

300 பக்க அச்சு நூல் ஆறு அங்குலத் திரையில் ஏறத்தாழ 500 திரை என்று வைத்துக்கொள்வோம். தமிழ் எழுத்தைப் பெரிதாக வைத்தால் இன்னும் கூடும். நம் சொற்களின் நீளத்துக்கு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் கொள்ளும். வருடத்துக்கு 50 புத்தகம் என்றால் 25,000 அழுத்தம். மலிவான ஒரு லட்சம் ரகம் நான்கு வருடம் தாங்கும், ஐந்து லட்சம் ரகம் இருபது வருடம். நீங்கள் கேள்விப்பட்ட 'நாலைந்து வருடம்' பொய்யல்ல, ஆனால் அது மட்ட சுவிட்சும் தீவிர வாசகரும் சேர்ந்தால் வரும் கணக்கு. அதற்கு முன் பேட்டரி தளர்ந்துவிடவும் வாய்ப்புண்டு.

சுவிட்ச் கெடும்போது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, ஒரு அழுத்தத்துக்கு இரண்டு பக்கம் தாவுவது: தொடர்புப் பரப்பு தேய்ந்தோ கறை படிந்தோ, மூடும்போது பலமுறை துள்ளுகிறது. மென்பொருள் பொதுவாகப் பத்து இருபது மில்லிவிநாடித் துள்ளலை ஒன்றாக எடுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் இரண்டாக எண்ணும். இரண்டு, அழுத்தினால் 'கிளிக்' கேட்கும், பக்கம் திரும்பாது. இதுவும் அதே கறைதான், இன்னும் முற்றிய நிலை.

மூன்றாவதாக வருவது சுவிட்சின் குற்றமே அல்ல: மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி ஒட்டிக்கொள்வது. வியர்வை, கைக்கிரீம், சிந்திய இனிப்புப் பானம். அழுத்தினால் மெதுவாக எழும்.

மென்கை

கடைசியில் சொன்னதைச் சுத்தம் செய்யும் முறையையும் சொல்லிவிடுங்கள். பலர் எண்ணெய் ஸ்பிரே அடித்துக் கருவியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

திருகாணி

எண்ணெய் ஸ்பிரே கூடவே கூடாது. அது தூசியைப் பிடித்து வைக்கும், ஒட்டுப்பசையை இளக்கும், திரையின் அடுக்குகளுக்குள்ளும் ஊரும்.

கருவியை முழுதாக அணையுங்கள், தூங்க வைப்பது போதாது. பட்டன் உள்ள ஓரம் தரையைப் பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கைத் தேயுங்கள். பிறகு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் இரண்டு சொட்டு, துலக்கியின் நுனியில் மட்டும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். ஓரம் கீழே இருக்கும்படியே பிடித்தால் திரவம் திரைப்பக்கம் ஓடாது. பட்டனை முப்பது நாற்பது முறை அழுத்தி விடுங்கள், இரண்டு மணி நேரம் உலர வைத்துப் பிறகு இயக்குங்கள். பின்புறம் ரப்பர் பூச்சு இருந்தால் ஆல்கஹால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிசுபிசுத்துவிடும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. தண்ணீர் புகாத கருவிகளில் மூடிக்கும் சுவிட்சுக்கும் நடுவே பொதுவாக ஒரு தடுப்பு இருக்கும். ஆல்கஹால் சுவிட்ச் வரை போகவே போகாது. அதனால் ஒட்டும் மூடி சரியாகும், இரட்டைத் தாவல் சரியாகாது. அதற்குத் திறக்க வேண்டும். திறந்த பின் ஐபிஎக்ஸ்8-ஐ நம்ப முடியாது. திரையின் அடியில் இருப்பது பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி, ஓரத்தில் நெம்பினால் கீறல் விழுந்து பாதித் திரை உறைந்துவிடும். 2024-இல் வந்த லிப்ரா கலர், கிளாரா மாடல்களுக்குக் கோபோ, ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளத்தோடு சேர்ந்து வழிகாட்டியும் உதிரிபாகமும் தருகிறது. அப்படி ஏதும் இல்லாத கருவியை உத்தரவாதக் காலத்தில் நீங்களாகத் திறக்காதீர்கள்.

மென்கை

நன்றி. மூட்டுவலியோ கைநடுக்கமோ உள்ளவர்கள் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டன் எல்லோருக்கும் எளிது என்று நினைக்காதீர்கள். மூட்டுவலிக்காரருக்குக் கெட்டியான பட்டனை நூற்றுக்கணக்கான முறை அழுத்துவது கடினம், மெல்லத் தட்டுவது சுலபம். கைநடுக்கம் உள்ளவருக்கு நேர்மாறு: திரையில் தட்டினால் அது ஸ்வைப்பாகவோ இரட்டைத் தட்டலாகவோ போகும், பட்டன்தான் நிச்சயம். நீண்ட பட்டனாக இருந்தால் அழுத்தும் இடத்தையும் சோதியுங்கள். ஒரு முனையில் லேசாகவும் மறுமுனையில் கல்லாகவும் இருக்கும் பட்டன்கள் உண்டு.

இரண்டுமே முடியாதவர்களுக்கு ரிமோட். ப்ளூடூத் உள்ள சில கருவிகளோடு நேரடியாக இணைக்கலாம். இல்லாவிட்டால் திரை ஓரத்தில் கவ்வும் கிளிப் வகை. கிளிப்பின் அடியில் மின்கடத்தும் சிறு பட்டை, கையில் உள்ள விசையை அழுத்தினால் அந்தப் பட்டை விரல் பட்டது போன்ற மாற்றத்தை உண்டாக்கும்.

அகராதிப்பித்தன்

அந்தக் கிளிப் கெபாசிட்டிவ் திரையில் மட்டும்தானே வேலை செய்யும்? அகச்சிவப்பில் கிளிப்பே ஒளியை மறைத்துக்கொண்டு நிற்குமே.

மென்கை

ஆமாம், அங்கே அது நிரந்தர விரல் ஆகிவிடும். கெபாசிட்டிவிலும் கிளிப்பை வைக்கும் இடம் முக்கியம். பட்டை 'அடுத்த பக்கம்' மண்டலத்துக்குள் விழ வேண்டும். மேல் ஓரத்தில் வைத்தால் மெனு திறக்கும், இடது ஓரத்தில் வைத்தால் பின்னால் போகும். எழுத்து மறையாமலிருக்க அந்தப் பக்க ஓர இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். கவ்வும் விசை கடுமையான கிளிப்பை வாங்காதீர்கள், கண்ணாடி மேல்தான் அழுத்துகிறது.

இழைபிரிப்பவர்

பட்டன் இல்லாத கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் சில வழிகள்.

கிண்டிலின் இயல்பான அமைப்பில் இடது ஓரத்தில் ஒரு பட்டை முந்தைய பக்கம், மேலே ஒரு பட்டை மெனு, மிச்சமெல்லாம் அடுத்த பக்கம். இடது கையில் பிடித்தால் கட்டைவிரல் விழுவது சரியாக முந்தைய பக்கப் பட்டையில். இடதுகைக்காரர்கள் தட்டாமல் ஸ்வைப் பழகிக்கொள்வது இதனால்தான். கோபோவில் தட்டும் மண்டலங்களின் அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் இடது ஓரத்தில் விரலை மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் மாறும் வசதியும் உண்டு. பிடிக்கும்போதெல்லாம் விளக்கு கூடிக் குறைகிறது என்று புலம்புபவர்கள் அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம்.

இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் கேஓரீடர். திறமூல மென்பொருள். கோபோ, பாக்கெட்புக், ஆண்ட்ராய்டு கருவிகளில் ஓடும், பூட்டு நீக்கிய (வெளி மென்பொருளுக்கான தடையை உடைத்த) கிண்டிலிலும் ஓடும். தட்டல் மண்டலங்களை இடவலமாகவோ மேல்கீழாகவோ பிரிக்கலாம். ஒரு கையில் படிப்பவருக்கு மேல்கீழ்ப் பிரிப்பு அருமை, கீழ்ப்பகுதி முழுதும் 'அடுத்தது' ஆகிவிடும். பட்டன் உள்ள கருவியில் அவற்றைத் தலைகீழாக்கலாம், தொடுதலை அணைத்து எழுப்பும் செயலையும் ஒதுக்கலாம். ஒரு எச்சரிக்கை: இரட்டைத் தட்டலை இயக்காதீர்கள். இயக்கினால், இரண்டாவது தட்டு வருமா என்று பார்க்க ஒவ்வொரு ஒற்றைத் தட்டலுக்கும் மென்பொருள் காத்திருக்கும், பக்கம் திரும்புவது கண்கூடாகத் தாமதமாகும்.

பழையகருவி

2024 கிண்டில் பேப்பர்ஒயிட்டில் கருவியின் பின்புறத்தையோ பக்கவாட்டையோ இருமுறை தட்டிப் பக்கம் திருப்பும் வசதி மென்பொருள் புதுப்பிப்பாக வந்தது. பட்டனுக்கு மாற்று என்று அதை எண்ண வேண்டாம். கனமான உறைக்கு மேல் தட்டினால் எவ்வளவு ஏறும் என்பது உறையைப் பொறுத்தது.

நூல்புழு

சரி, ஏழு அங்குல பட்டன் கருவி என்று முடிவு செய்துவிட்டேன். கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. எதைச் சோதிப்பது?

இடதுகை

முதலில் திரையைப் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நீங்கள் படுத்துப் படிக்கும் விதத்தில் ஒரு கையில் பிடியுங்கள். கட்டைவிரல் நகராமலே ஏதாவது ஒரு பட்டனில் இருக்கிறதா? இரண்டு பட்டன்களையும் தடவி மட்டுமே வேறுபடுத்த முடிகிறதா? கை மாற்றி இன்னொரு முறை.

திருகாணி

பிறகு ஒவ்வொரு பட்டனையும் நடுவில், மேல்முனையில், கீழ்முனையில் தலா பத்து முறை. மூன்று இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இயங்க வேண்டும். கருவியைக் காதருகே வைத்து லேசாகக் குலுக்குங்கள். பட்டன் கடகடத்தால் அமைதியான இரவில் அது எரிச்சலூட்டும். வேகமாக ஐந்து அழுத்தம் கொடுத்து, சரியாக ஐந்து பக்கம் நகர்ந்ததா என்று பக்க எண்ணைப் பாருங்கள். நான்கு என்றால் மென்பொருள் விழுங்குகிறது, பல நேரம் புதுப்பிப்பில் தீரும். ஆறு என்றால் சுவிட்ச் துள்ளுகிறது, அந்தக் கருவியை எடுக்காமல் வேறொன்றைக் கேளுங்கள்.

அகராதிப்பித்தன்

ஒரு சொல்லை நீண்டு அழுத்தி அகராதி எத்தனை விநாடியில் வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். திரையின் நடுவில் மட்டும் பார்த்தால் போதாது, நான்கு மூலைகளிலும் உள்ள சொற்களில். கோடு இழுக்கும்போது வரியின் கடைசிச் சொல்லைப் பிடிக்கப்போய்ப் பக்கம் திரும்பிவிடுகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.